எந்தப் பணம் எந்த வழியில் போகலாம்? யூபிஐ, கார்டு, வாலட், நெட்பேங்கிங்: ஓர் ஒப்பீடு

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ‘சிவகாசி நேரடி விலை’ விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். எண்ணைத் தட்டினால் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வரும். எண்பது சதவீதம் தள்ளுபடி, கீழே ஒரு கியூஆர் கோடு, ‘முழுப் பணமும் அனுப்பினால்தான் லாரியில் ஏற்றுவோம்’ என்று ஒரு வரி. ஈ-காமர்ஸ் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே உத்தரவிட்டுவிட்டது. அது தெரியாமல் பலர் 4,000, 5,000 என்று அனுப்புகிறார்கள். பட்டாசு வராது. மறுநாள் அந்த எண் அணைந்திருக்கும்.

அந்த 4,000 ரூபாய் திரும்பி வருமா என்பது பெரும்பாலும் அது போன வழியைப் பொறுத்தது. தனிநபர் கணக்கின் கியூஆருக்கு யூபிஐயில் போயிருந்தால், காவல் துறை அந்தக் கணக்கை முடக்கினால்தான் உண்டு. வணிகர் கணக்குக்கு யூபிஐயில் போயிருந்தால், ‘பொருள் வரவில்லை’ என்று புகார் எழுப்ப ஒரு கதவு இருக்கிறது. கிரெடிட் கார்டில் போயிருந்தால் பணத்தைத் திரும்ப இழுக்கும் சார்ஜ்பேக் நடைமுறை இருக்கிறது, நேரத்தோடு கேட்டால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏமாற்றுகிறவர் ஒருவரே, இல்லாத பட்டாசும் ஒன்றே. வழி மாறும்போது முடிவும் மாறிவிடுகிறது.

யூபிஐயும் கார்டும் நெட்பேங்கிங்கும் தொழில்நுட்பத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பூட்டை உடைத்துத் திருடுகிறவர்கள் குறைவு. சொந்தக்காரரைக் கொண்டே பூட்டைத் திறக்க வைப்பதுதான் இன்றைய மோசடி. அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம். தவறு நடந்தால் ஒரே மூச்சில் எவ்வளவு போகும்? போனபின் அதை இழுத்துப் பிடிக்கும் அதிகாரம் யாருக்காவது இருக்கிறதா?

சட்டம் எங்கே கோடு போடுகிறது

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வரையறுத்தது. வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். வங்கி மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் அது அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும். நீங்கள் புகார் சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் குடை ‘ஒப்புதல் இல்லாமல்’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும்தான் விரிகிறது. நீங்களே பின் எண்ணைப் போட்டு அனுப்பியது, எவ்வளவு பொய் சொல்லி அனுப்ப வைத்திருந்தாலும், வங்கியின் பார்வையில் ஒப்புதலோடு நடந்தது. ஓடிபியைப் போனில் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஒரு நிமிடம் முந்தினாலும் லாபம் என்பதற்குக் காரணம் இந்த விதிதான். எந்த வழியில் கொடுப்பது என்பதைப் பின் போடும் முன்பே தீர்மானிக்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

யூபிஐ: எந்தக் கணக்கோடு இணைப்பது

யூபிஐயை விட்டுவிடச் சொல்வது இன்று நடக்கிற காரியமில்லை. டீக்கடையிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை அதில்தான் போகிறது. முடிவெடுக்க வேண்டியது, அதை எந்தக் கணக்கோடு கட்டுவது என்பதில்.

பெரும்பாலானோர் சம்பளம் வரும் கணக்கையே இணைத்திருக்கிறார்கள். சேமிப்பும் வைப்பு நிதியும் அதே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் இருக்கும். சாதாரண யூபிஐ வரம்பு நாளுக்கு 1 லட்சம். போனோடு பின் எண்ணும் ஒருவர் கையில் சிக்கினால் முதல் நாளே லட்சம் வரை போகலாம், மறுநாள் மறுபடியும்.

இதற்கு மாற்று, வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதை மட்டும் யூபிஐயோடு இணைப்பது. மாதச் செலவுக்கான 10,000 அல்லது 15,000 ரூபாயைச் சம்பளக் கணக்கிலிருந்து மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஏமாந்தாலும் போவது அந்தத் தொகை மட்டுமே. குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காகப் பார்த்துக்கொண்டால் செலவு ஏதுமில்லை. இதில் ஒரு தொல்லை உண்டு: மாதக் கடைசியில் பணம் தீர்ந்து கடையில் நிற்க வேண்டி வரும். அந்தத் தொல்லைக்காகப் பலர் ஆறே மாதத்தில் பழைய கணக்கையும் செயலியில் சேர்த்துவிடுகிறார்கள், முழு ஏற்பாடும் வீணாகிவிடுகிறது. சம்பளக் கணக்கைச் செயலியிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. இரண்டு மூன்று யூபிஐ செயலிகள் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் நீக்க வேண்டும்.

யூபிஐ லைட் இதற்குள் முன்கூட்டியே பணம் நிரப்பி வைக்கும் இன்னொரு சிறிய பெட்டி. பின் இல்லாமலே ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகும், மொத்தமாக 5,000 ரூபாய்க்கு மேல் அதில் நிற்காது. பின் கேட்காதது பயமாகத் தோன்றலாம். ஆனால் கூட்டமான கடையில் பத்துப் பேர் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது பின் எண்ணைத் தட்டாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு. பால், பஸ், காய்கறிக்கு இது நல்ல வழி. போன் தொலைந்தால் அதிகபட்சம் அந்த 5,000 ரூபாய்தான் ஆபத்தில் இருக்கும், அதுவும் போன் பூட்டைத் திறக்கத் தெரிந்தால்தான்.

பின் போடும் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே வங்கியின் பெயர், தொகை, யாருக்கு என்ற விவரம், கீழே எண் பலகை. இந்தப் பக்கம் வந்துவிட்டாலே பணம் உங்களிடமிருந்து வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். பணம் பெறுவதற்கு இந்தப் பக்கம் ஒருபோதும் வராது. பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டவரிடம், ‘ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயம் தெரியாதவர்களைத்தான் தேடுகிறார்கள். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யூபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனால் கியூஆர் தந்திரம் இன்னும் நடக்கிறது.

கடையில் ஸ்கேன் செய்யும்போது, பெறுகிறவரின் பெயராகச் செயலி வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் 30 முதல் விதி. பலகையில் ஒரு மளிகைக் கடையின் பெயர் இருக்க, திரையில் யாரோ ஒருவரின் பெயர் வந்தால் கடைக்காரரிடம் சத்தமாக வாசித்துக் கேளுங்கள். உரிமையாளரின் பெயராக இருக்கலாம். இரவோடு இரவாக யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கராகவும் இருக்கலாம். இதில் பணம் இழப்பது கடைக்காரர்தான், அவருக்கே நீங்கள் செய்யும் உதவி இது.

டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா

கிரெடிட் கார்டு என்றாலே கடன், ஆபத்து என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. செலவை அடக்கத் தெரியாதவருக்கு அது உண்மை. மோசடியிலிருந்து காக்கும் கணக்கில் மட்டும் பார்த்தால், அறியாத தளத்தில் பொருள் வாங்க டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டு எவ்வளவோ மேல். டெபிட் கார்டில் போவது உங்கள் பணம். தகராறு முடியும்வரை வாடகைக்கு வைத்த தொகை இல்லாமல் நீங்கள் தவிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம். மோசடி என்று நீங்கள் புகார் சொன்ன தொகைக்கு, அது தீரும்வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆணையே சொல்கிறது.

சார்ஜ்பேக் கேட்பதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பொருள் வரவில்லை என்றால் கோபத்தில் ‘மோசடி, நான் செய்யாத பரிவர்த்தனை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வங்கி பார்க்கிறது, உங்கள் எண்ணுக்கு வந்த ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது. புகார் தள்ளுபடி ஆகிவிடும். ‘பொருள் அல்லது சேவை கிடைக்கவில்லை’ என்ற காரணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்டர் எண், டெலிவரி தேதியாக அவர்கள் சொன்ன நாள், பணத்தைத் திருப்பிக் கேட்டு நீங்கள் எழுதிய மின்னஞ்சல், இந்த மூன்றும் இணைப்பில் இருக்க வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இந்த வகைப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை இடமுண்டு. வங்கிகள் தங்கள் அளவில் அதைவிடக் குறைந்த கெடு வைப்பதும் உண்டு, அதனால் அந்த மாத ஸ்டேட்மெண்ட் வந்தவுடனே எழுதிவிடுவது நல்லது.

இந்தியாவின் சொந்தக் கார்டு வலையமைப்பான ரூபேயின் கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைப்பது பலர் கவனிக்காத நடுவழி. அதிலிருந்து வணிகர் கணக்குக்கு மட்டும்தான் பணம் போகும், தனிநபர் கணக்குக்குப் போகாது. ‘கடை’ என்று சொல்லிக்கொண்டு தன் சொந்தக் கணக்கின் கியூஆரை நீட்டுகிறவரிடம் இது வேலையே செய்யாது. வணிகர் கணக்கு வைத்திருப்பதனாலேயே ஒருவர் யோக்கியர் ஆகிவிடமாட்டார், ஆனாலும் ஒரு சல்லடை கிடைக்கிறது.

இரண்டு கார்டுகளிலும் செய்ய வேண்டிய ஒரு வேலை: வங்கிச் செயலியில் கார்டு கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். இந்தியத் தளங்கள் ஓடிபி கேட்கும். பல வெளிநாட்டுத் தளங்கள் கார்டு எண்ணும் சிவிவியும் (கார்டில் அச்சிட்ட இரகசியச் சரிபார்ப்பு எண்) கிடைத்தாலே பணத்தை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு ஓடிபி வராது, எடுத்தபின் வரும் குறுஞ்செய்திதான் வரும். டெபிட் கார்டை ஏடிஎம்முக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஆன்லைன் பயன்பாட்டையும் மூடிவிடலாம். தட்டிச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது என்பதால், தேவைப்படாதவர்கள் அதையும் அணைக்கலாம்.

வாலட், கேஷ் ஆன் டெலிவரி

முன்கூட்டியே பணம் நிரப்பிச் செலவழிக்கும் செயலிப் பையான வாலட்டில் நீங்கள் போட்டது மட்டுமே போகும் என்பது அதன் பலம். அந்த வேலையை இப்போது யூபிஐ லைட்டும் செலவுக் கணக்கும் செய்துவிடுகின்றன. யூபிஐ வேண்டவே வேண்டாம் என்கிறவர்களுக்கு வாலட் இன்னும் பயன்படும்.

கேஷ் ஆன் டெலிவரியைப் பலர் முழுப் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே பணம் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது, உள்ளே பழைய துணி இருந்தால் கொரியர்காரர் பொறுப்பேற்க மாட்டார். நீங்கள் ஆர்டரே செய்யாத பார்சலை வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து 700, 800 ரூபாய் வாங்கிப்போவதும் நடக்கிறது. திறந்து காட்டித் தரும் டெலிவரி இருந்தால் மட்டும் இது நல்ல வழி.

பெரிய தொகைக்கு

நிலத்துக்கு முன்பணம், வண்டி, கல்லூரிக் கட்டணம் போன்றவற்றுக்கு நெட்பேங்கிங்கில், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் நல்லது. காரணம் அதன் மெதுவான நடைதான். பெறுகிறவரைச் சேர்க்க வேண்டும், பல வங்கிகளில் சேர்த்த உடனே பெரிய தொகை போகாது, சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவருக்கு அந்த இடைவெளிதான் எதிரி. கணக்கு எண்ணைப் போட்டதும் அது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதி 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் இருக்க வேண்டும். பெயரைப் பார்க்காமல் தொடராதீர்கள். வங்கியின் தளத்துக்குப் போகும்போது முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது.

ஆனால் போனது போனதுதான், ஆர்டிஜிஎஸ்ஸில் திரும்ப இழுக்கும் பொத்தான் கிடையாது. போலீஸ் என்று சொல்லி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ (போனிலேயே கைது) என்று மிரட்டி வீடியோ அழைப்பிலேயே உட்கார வைத்துப் பெரியவர்களின் வைப்பு நிதியை உடைக்கச் செய்கிறவர்கள் பயன்படுத்துவதும் இந்த வழியைத்தான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. ஓய்வூதியத் தொகையை வைப்பில் போட்டிருப்பவர்கள், அதை இணையவழியில் முன்கூட்டி உடைக்கும் வசதியை மூடி வைக்க முடியுமா என்று கிளையில் கேளுங்கள். கிளைக்கு நேரில் போக வேண்டும் என்ற நிலை இருந்தால், அங்கே ஒரு அதிகாரியாவது ‘எதற்கு இவ்வளவு?’ என்று கேட்பார்.

பங்குச் சந்தை முதலீடு என்று டெலிகிராம் குழுவில் தரும் தனிநபர் கணக்குக்கு எந்த வழியிலும் பணம் அனுப்பாதீர்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் 2025 அக்டோபர் முதல் ‘@வேலிட்’ (@valid) என்ற சொல்லும் அதை அடுத்து வங்கியின் பெயருமாக முடியும் தனி யூபிஐ முகவரி வந்திருக்கிறது. தரகருக்குப் பணம் அனுப்ப அதுதான் ஏற்ற வழி.

போனே பறிபோனால்

மேலே சொன்ன எல்லா ஏற்பாட்டையும் ஒரே அடியில் தகர்ப்பது ஏபிகே (APK) கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கியின் ரிவார்டு பாயிண்ட் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். அந்த அனுமதிதான் ஓடிபியை அவர்கள் கைக்குக் கொண்டுபோகிறது. இழப்பை ஒரே கணக்கோடு நிறுத்தும் தடுப்பு இங்கே பயன்படாது. நிறுவிவிட்டோம் என்று தெரிந்தால் முதலில் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். செயலியை நீக்குவது அப்புறம்.

முடிந்தவர்கள் வங்கிக்கென்று ஒரு தனி எண்ணை, வாட்ஸ்அப் இல்லாத பழைய பட்டன் போனில் போட்டு வைக்கலாம். யூபிஐ செயலி இருக்கும் போனிலேயே அந்த சிம்மும் இருந்தாக வேண்டும் என்பதால், பெருந்தொகை இருக்கும், யூபிஐ இணைக்காத கணக்குக்குத்தான் இது பொருந்தும். அந்தப் போனில் காரணமில்லாமல் சிக்னல் போய் மணிக்கணக்கில் வராவிட்டால் சும்மா விடாதீர்கள். உங்கள் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கியிருக்கலாம்.

பணம் போய்விட்டது, முதலில் யாரிடம்?

வங்கியா, காவல் நிலையமா, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஆ என்று தடுமாறும் நேரத்தில்தான் பணம் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவுகிறது. முதலில் 1930. அந்த அழைப்பிலிருந்து கிளம்பும் தகவல் பணம் போன வங்கிக்கே நேராகச் செல்லும், தொகை இன்னும் அங்கே நின்றால் பிடித்து வைப்பார்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரத்தில் அவர் உங்கள் வங்கியை அழைக்கட்டும். அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் கணக்கு எண், பெறுகிறவரின் யூபிஐ முகவரி. லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம். ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறிய கட்டணம்’ என்று அடுத்த வாரம் யாராவது கூப்பிடுவார்கள். அது இரண்டாவது மோசடி.

வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, விளக்கம் வேண்டுமென்றால் 14448 என்ற எண். வங்கியிடம் முதலில் புகார் செய்த தேதியையும் புகார் எண்ணையும் அங்கே கேட்பார்கள். பதற்றத்தில் போனில் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அன்றே மின்னஞ்சலிலும் ஒரு வரி அனுப்பி வைத்துவிடுங்கள்.